சிரித்தவன் யார் என்பதையும் பாருங்கள்

ஹாரி பாட்டர் கதையில், மந்திரம் அறியாத பெற்றோருக்குப் பிறந்த தோழி லில்லியை (ஹாரியின் அம்மா), பின்னாளில் ஆசிரியராகும் ஸ்னேப் ‘மட்பிளட்’ (சேற்று ரத்தம்) என்று பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசுவது அவர் பாத்திரத்தோடு ஒட்டவில்லை, அவரே கலப்பு ரத்தம்தானே என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஹாரி பாட்டர் வரிசையிலேயே அந்த இடம்தான் மிக உண்மையாகப் படுகிறது. ஸ்னேப்பின் அப்பா மந்திரம் அறியாத சாதாரண மனிதர். பாடப்புத்தகத்தில் தனக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயரில் அம்மாவின் குடும்பப் பெயரான பிரின்ஸ் இருக்கிறது, அப்பாவின் பெயர் இல்லை. கதையின் வில்லன் வோல்டமோர்ட்டும், அப்பாவின் பெயரான டாம் ரிடிலைச் சுமந்த தன் முழுப்பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு வேறு பெயர் செய்துகொண்டவன்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தபோது என்னோடு ஒருவன் வேலை செய்தான். ஊர் எது என்றால் காங்கேயம் என்பான், அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டான். டீக்கடையில் யாராவது ‘காலனிக்காரன்’ என்று கேலி பேசினால் முதலில் சிரிப்பது அவன்தான். அவன் அம்மா இறந்தபோதுதான் அவன் வீடும் காலனியில் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கேலிக்கு நானும் சிரித்திருக்கிறேன். துக்கத்துக்குப் போன அன்று அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லைங்க.

அப்புறம் ஒன்று. 2007-இல் வந்த கடைசி நூலில், ஓவியத்தில் இருக்கும் பழைய தலைமையாசிரியர் லில்லியைப் போலவே மந்திரம் அறியாத பெற்றோருக்குப் பிறந்த ஹாரியின் தோழி ஹெர்மியோனியை அதே ‘மட்பிளட்’ என்ற சொல்லால் குறிப்பிடும்போது, அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று ஸ்னேப் தடுக்கிறார். அதனால் அவர் நல்லவர் ஆகிவிடவில்லை. வகுப்பில் பிள்ளைகளை நோகடித்தவரும் அவரேதான். ஆனால் அந்த ஒரு வரியை நீங்கள் விட்டிருக்கக் கூடாது.