மிக்-21-ஐ வீழ்த்திய சிப்பிப்பாறை

மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகக் கண்ணு வலிக்க உட்கார்ந்து ஒட்டிய மிக்-21 போர் விமானத்தின் குட்டி வடிவம், நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு, மொத்தமே ஒரு சாண் நீளம்தான், அதைக் கரும்புச் சக்கை மாதிரி மென்று துப்பிவிட்டு எங்கள் சிப்பிப்பாறை நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. முயல் விரட்டுகிற சாதியாம். நீளக் கால் அலமாரியை எட்டத்தான் உதவுகிறது. விமானி உட்காரும் கண்ணாடி மூடியில் பல் பதிந்த ஓட்டை ஒன்று, மூக்குக் கூம்பைக் காணவே காணோம்.

அம்மாவிடம் சொன்னால், "வாயில்லா சீவன் என்னல செய்யும், நீ மேல வச்சிருக்கணும்லா" என்கிறாள்.

சரி, உடைந்ததை மட்டும் வாங்கலாமென்றால் இறக்கையைத் தனியாக யாரும் விற்பதில்லை, முழுப் பெட்டியும் வாங்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம் விளக்கு மின்னிப் பாட்டுப் பாடும் விமானத்தை எடுத்து நீட்டுகிறார்கள். நம் விமானப்படை 1963 முதல் ஓட்டி 2025 செப்டம்பரில்தான் மிக்-21-க்கு ஓய்வு கொடுத்தது. என்னுடையது அலமாரியில் இருந்தது ஒன்பதே நாள்.

கடைசியில் ஆன்லைனில் போட்டேன். நேற்றுப் பார்சல் வந்தது. முதலில் மோந்து பார்த்தது யாரென்று நினைக்கிறீர்கள்?