"இலை கொட்டாத மரம் இருக்கா?"

புதுவீடு கட்டும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நர்சரிகள் இதற்குக் கொடுத்த பதில்தான் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம். குஜராத் 2023-இலும் தமிழ்நாடு 2025-இலும் அதை நடத் தடை போட்டன. மரம் மாறினாலும் கேள்வி மாறவில்லை. என்னைக் கேட்டால் கோளாறே அந்தக் கேள்வியில்தான். எப்போதும் பசேலென்று நிற்கும் மகிழமும் பழுத்த இலையை உதிர்க்கத்தான் செய்யும்.

சரக்கொன்றை கோடையின் தொடக்கத்தில் மொட்டையாக நிற்கும். பட்டுப்போச்சு என்று அவசரப்பட்டு வெட்டிவிடுகிறார்கள். சித்திரை வரை பொறுத்தால் மரம் முழுக்க மஞ்சள் சரம்! அதன் கொழுந்தில்தான் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். புழு கொஞ்சம் இலையைத் தின்னும், தின்னட்டும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றையும் (குல்மோகர்) அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கிளை சட்டென்று முறியும், வீட்டை ஒட்டி வேண்டாம்.

"இருப்பதே அரை கிரவுண்டு" என்பவர்களுக்குப் பவளமல்லி. வாசலோரம் நாலடி இடம் போதும். இரவில் பூத்து, விடியும்போது தரையெல்லாம் வெள்ளையும் காவியுமாகக் கிடக்கும். அதைக் குப்பை என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ! கடலோர உப்பு மண்ணுக்குப் புன்னையும் பூவரசும் பொருத்தம். பூவரசுக்குக் கன்றுகூட வேண்டாம், மழைக்காலத்தில் கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். புங்க நிழலுக்கு ஈடே இல்லை. அகலமாக விரியும் என்பதால் இடம் தாராளமாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

2016 வர்தா புயலுக்குப் பிறகு சென்னைக்காரர்களுக்கு மரம் சாய்ந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது. நியாயமான பயம். அதனால்தான் சொல்கிறேன், சீக்கிரம் நிழல் வேண்டும் என்று பையிலேயே வருஷக்கணக்கில் வளர்ந்த ஆளுயரக் கன்றை வாங்காதீர்கள். பைக்குள் சுருண்ட வேர், மண்ணுக்குப் போன பிறகும் சுருண்டபடியே தடிக்கும். பலத்த காற்றில் பிடிமானம் இருக்காது. முழங்கால் உயரக் கன்று போதும். தூரைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல் மண்ணாகவே விடுங்கள்.

கூட்டிய சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே போட்டால் ஈரம் நிற்கும், மக்கி உரமாகும். ஐப்பசி மழைக்கு முன்பே குழி எடுத்து வையுங்கள். மகிழம் மெதுவாகத்தான் வளரும், பூவுக்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பூ காய்ந்த பிறகும் மணக்கும்.