மேகத்துக்கு எதிரே ஒரு பஃபே

மறுபடியும் ஒரு சுற்றுலா விளம்பரம் வந்திருக்கிறது. "பாலி மலைப்பகுதி, ஒரே நாளில் ஏழு இடங்கள்!" ஆச்சரியக்குறி அவர்களே போட்டது. லெம்புயாங் கோயில், பெசாகிஹ் கோயில், பெங்லிபுரான் கிராமம், காபித் தோட்டம், கிந்தாமணியில் எரிமலையைப் பார்த்தபடி மதிய உணவு, தெகல்லாலாங் படிக்கட்டு நெல்வயல், கடைசியாகப் பெதுகுல் ஏரிக்கோயிலில் சூரிய அஸ்தமனம். காலை எட்டரைக்கு, தெற்குக் கடலோரக் கூட்டாவில் பிக்கப்பாம். இதை எழுதிய மகராசன் பாலிக்குப் போயிருக்க வேண்டாம், வரைபடத்தையாவது ஒருதடவை விரித்துப் பார்த்திருக்கலாம்.

அந்தத் தீவின் எரிமலைகள் வடக்குப் பக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றிலிருந்து இறங்கும் ஆறுகள் மிருதுவான சாம்பல் பாறையை அறுத்துக்கொண்டே போய், தெற்கே கடல் வரைக்கும் ஆழமான பள்ளங்களைத் தோண்டி வைத்திருக்கின்றன. அதனால் உருப்படியான சாலைகளெல்லாம் மலைக்கும் கடலுக்குமாக மேலும் கீழும்தான் ஓடும். குறுக்கே போக நினைத்தால் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறி வளைய வேண்டும். கிந்தாமணியிலிருந்து பெதுகுலுக்குக் காக்கா பறந்தால் சுமார் 20 கிலோமீட்டர். காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். வழியில் யாருக்கும் வாந்தி வராமல் இருந்தால்.

சரி, ஏழு இடமும் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த மதிய உணவுக்கு வருவோம். வயிறு எரிவதே அதனால்தான்.

கிந்தாமணியில் பெனெலோகன் என்பது பாத்தூர் எரிமலைப் பெருவாயின், அதாவது பழைய வெடிப்பில் உள்ளிறங்கிய பெரும்பள்ளத்தின், விளிம்பு. அங்கே நின்றால் எதிரே 1,717 மீட்டர் பாத்தூர் மலை, அதன் சரிவில் கறுப்பாக உறைந்து கிடக்கும் எரிமலைக் குழம்பு, பக்கத்தில் பாலியிலேயே பெரிய ஏரி. காலை ஆறரைக்குப் போய் நின்றால், மழைக்காலம் இல்லையென்றால், பெரும்பாலும் எல்லாமே துல்லியமாகத் தெரியும். வெயில் ஏற ஏற, சரிவு சூடாகிக் கீழேயிருக்கும் ஈரக்காற்று மலைமேல் ஏறும். விளிம்பை நெருங்கும்போது குளிர்ந்து மேகமாகிவிடும். பதினொரு மணிக்கு மேல் தெரிந்தால் அதிர்ஷ்டம். இது ரகசியமே இல்லை, அந்தச் சாலையில் ஆரஞ்சு விற்கிற அம்மாவுக்கும் தெரியும். நம் வேன் போய்ச் சேருவது மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு.

இறங்கியவுடன் ஜன்னலோர மேசைக்கு ஓட்டம். "வியூ டேபிள்" என்று கேட்டு, சண்டை போட்டு, இன்னொரு குடும்பத்தை முறைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெளியே பார்த்தால் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி சுத்தமான வெள்ளை. பரிமாறுகிறவரைக் கேட்டால் "ஃபைவ் மினிட்ஸ்" என்கிறார். அவரை நொந்து பயனில்லை, தினமும் இருநூறு பேர் கேட்டால் அவரும் என்னதான் சொல்வார்? ஐந்து நிமிடம் போனது. நூடுல்ஸ் ஆறியது. வெள்ளை இன்னும் கொஞ்சம் கெட்டியானது. யாரோ "அதோ, அதோ" என்றார்கள், எல்லாக் கைப்பேசியும் உயர்ந்தது, அது ஒரு மின்கம்பம். இன்னொரு ஐந்து நிமிடம். உள்ளே சுவரில் எரிமலைப் படம் ஒன்று மாட்டியிருப்பார்கள், பாதிப் பேர் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கத் தொடங்கினார்கள். சரியாக அப்போது கழிவறைக்குப் போனவர் ஓடி வந்து, பின்பக்க ஜன்னலில் மலை தெரிந்ததாகவும், அரை நிமிடம் பார்த்ததாகவும் சொல்வார். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. வேன் திரும்பும்வரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

எரிமலை வராவிட்டால் என்ன, ஈ வரும். தட்டை மூடும் அளவுக்கு வரும். ஏரிக்கரையில் வெங்காயமும் காய்கறியும் போடுகிறவர்கள் நன்றாக மட்காத கோழி எருவைக் கொட்டுகிறார்கள், ஈ அதில் பெருகி மேலே உணவகத்துக்கு வருகிறது. மேசையில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பது ரொமான்ஸுக்கு அல்ல, ஈ விரட்ட.

இதெல்லாம் ஏன் மாறவே மாட்டேன் என்கிறது? வழக்கமான கிந்தாமணிச் சுற்றுலாப் பாதை அப்படி. ஒன்பதரைக்கு பாத்துபுலானில் பாரோங் முகமூடி நடனம், பிறகு செலுக்கில் வெள்ளிக்கடை, பிறகு காபித் தோட்டம், பசி எடுக்கும் நேரத்தில் மலைவிளிம்பு. வழியிலுள்ள கடைகளில் ஓட்டுநருக்குக் கமிஷன், பஃபேயில் அவருக்கு இலவசச் சாப்பாடு. மேகத்துக்கு யாரும் கமிஷன் தருவதில்லை, அதனால் மேகத்தின் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. காபித் தோட்டத்தில் சின்னக் கோப்பைகளில் வரிசையாக இலவச ருசி காட்டுவார்கள், மரநாய் தின்று கழித்த கொட்டையில் போடும் லுவாக் காபி மட்டும் தனிக்காசு. இரவில் திரியும் மரநாய் பட்டப்பகலில் கூண்டுக்குள் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். வெளியே வரும் வழி கடை வழியாகத்தான்.

கொடுமை எது தெரியுமா? பஃபே இருக்கும் அதே சாலையில் சில கிலோமீட்டர் போனால் உலுன் டானு பாத்தூர் கோயில். 1926-இல் எரிமலைக் குழம்பு கீழே இருந்த ஊரையும் கோயிலையும் புதைத்தபோது, மக்கள் மேலே விளிம்புக்கு வந்து மறுபடி எழுப்பியது. ஏரியின் தேவிக்கான கோயில், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் சுபாக் சங்கங்களுக்குத் தலைமைக் கோயில். 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறிய இடம். வேன் அங்கே நிற்காது. பெசாகிஹ்? ஆகுங் எரிமலைச் சரிவில் இருபதுக்கும் மேற்பட்ட கோயில்கள் கொண்ட வளாகம், 1963-இல் குழம்பு மயிரிழையில் விலகிப்போன தலம். அதற்கு ஒதுக்கியிருப்பது முப்பது நிமிடம். சரோங் கட்டி முடிக்கவே பத்து நிமிடம் ஆகும்.

ஆகவே தயவுசெய்து பாதையைத் திருப்பிப் போடுங்கள். உபுதில் தங்கி ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் பெனெலோகன். மலையைப் பார்த்துக்கொண்டே காலைச் சாப்பாடு, பிறகு பாத்தூர் கோயில், இறங்கும் வழியில் பெங்லிபுரான். மூங்கில் சில்லுக் கூரை வேய்ந்த அந்தக் கிராமத்தில் வண்டிக்கு அனுமதி இல்லை, வேன் கூட்டம் வரும் முன் நடந்தால்தான் அது கிராமமாகத் தெரியும். பெதுகுல் வேறொரு நாள். பெராத்தான், புயான், தம்பிளிங்கான் என்று மூன்று ஏரியும் அங்கே ஒரே பக்கம். விளம்பரத்தில் வந்த ஏரிக்கோயில் பெராத்தானில்தான், அதற்கும் காலையிலேயே போங்கள். மாலையில் மூடுபனியும் தூறலும்தான் அதிகம், "அஸ்தமனம்" மலைக்குப் பின்னால் தானாக நடந்துகொள்ளும். இன்னொன்று: ஏரியில் நீர் இறங்கும் மாதங்களில் "மிதக்கும் கோயில்" சேற்றில் நிற்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தாதீர்கள். பாத்தூர் ஏரியில் துருன்யான் ஊருக்குப் படகு ஏறுவதானால் போக, வர இரண்டுக்கும் சேர்த்துக் கரையிலேயே விலை பேசி எழுதி வாங்குங்கள். நடு ஏரியில் பேரம் பேசுவது உங்களுக்குச் சாதகமில்லை.

கடைசியாக இந்த லெம்புயாங். அந்தச் "சொர்க்க வாசல்" படத்தில் வாசலுக்குக் கீழே பளபளவென்று தண்ணீர் தெரியுமே, அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. படமெடுப்பவர் கைப்பேசிக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிக்கிறார், அவ்வளவுதான். அதற்கு டோக்கன், சில மணி நேரக் காத்திருப்பு, உங்கள் முறை வந்ததும் நின்று ஒரு போஸ், குதித்து ஒரு போஸ், அடுத்தவர். நிஜ ஏரி நான்கு உள்ள தீவில், கண்ணாடித் துண்டில் தெரியும் ஏரிக்கு வரிசை. திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன், சிரிப்பு வந்து தொலைக்கிறது. வரிசையில் நிற்கப்போகிறவர்கள் தொப்பி எடுத்துப் போங்கள், அங்கே நிழல் குறைவு.