வாய்ஸ்வாக்ஸ் இலவசம்தான், ஆனால் பெயர் போட வேண்டும்

‘எழுதியதைப் பேச்சாக மாற்றும் வாய்ஸ்வாக்ஸ் இலவச மென்பொருள், அதன் கதாபாத்திரக் குரல்களை வீடியோவில் போட யார் பெயரும் குறிப்பிட வேண்டாம்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. முதல் பாதி சரி. 2021-இல் வெளிவந்த இந்த ஜப்பானிய மென்பொருளுக்குக் காசு கிடையாது, வணிக வீடியோவுக்கும் பயன்படுத்தலாம். பெயர் வேண்டாம் என்பதுதான் தப்பு.

உதாரணமாக, ஸுண்டாமோன் என்ற கதாபாத்திரத்தின் குரலை எடுத்தால் ‘வாய்ஸ்வாக்ஸ்: ஸுண்டாமோன்’ என்று குறிப்பிட வேண்டும். மற்றக் கதாபாத்திரங்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு, எடுக்கும் குரலின் விதியைப் படித்துவிடுங்கள்.

அப்புறம், ஸுண்டாமோன் குரல் கணினி வெறுமனே தானாக உருவாக்கியதும் அல்ல. இட்டோ யூய் என்ற குரல் நடிகை பேசிப் பதிவு செய்ததை வைத்துக் கணினி உருவாக்குவது.