வரிக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது?

"பேராசை பெருநஷ்டம்." வெளிநாட்டில் கார் வாங்கி வந்தால் பாதி விலை என்று சொல்லும் ஒரு வீடியோவுக்குக் கீழே, அப்படி வாங்கி ஏமாந்த என் மச்சானைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த முதல் பதில் இதுதான். அதற்கு விழுந்த லைக்குகளில் என் நண்பர்கள் சிலருடையதும் இருந்தது. மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன், இனி முடியாது.

வெளிநாட்டில் கார் வாங்கி இங்கே கொண்டுவந்தால் பாதி விலை என்று பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வரி எவ்வளவு என்று ஏன் முதலில் சொல்வதில்லை? அங்கே விலை இவ்வளவு, கப்பலுக்கு இவ்வளவு, இங்கே ஷோரூமில் இவ்வளவு என்று அடுக்குகிறீர்கள். வரியைச் சொல்லுங்கள் ஐயா, வரியை.

அந்த வீடியோவில் துபாய் விலை காட்டுகிறார்கள். துபாயில் ஸ்டீயரிங் இடது பக்கம். வலது பக்க ஸ்டீயரிங் இல்லாத காரை இங்கே இறக்குமதி செய்ய விடமாட்டார்கள். இதுகூடத் தெரியாமல் ஒருவர் பேசுகிறார், லட்சம் பேர் பார்க்கிறார்கள், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏமாந்தவனுக்கு மட்டும் பழமொழி.

மச்சான் சிங்கப்பூரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். ஆறு வருடமும் எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் போனவன். அங்கே கார் வைத்துக்கொள்ள சிஓஇ என்ற உரிமத்தை ஏலத்தில் எடுக்க வேண்டும், அது பத்து வருடத்துக்குத்தான் செல்லும். நடுவிலேயே பதிவை ரத்து செய்து வண்டியை ஏற்றுமதி செய்தால் கட்டியதில் ஒரு பங்கு உரிமையாளருக்குத் திரும்பக் கிடைக்கும். அதனால் வெறும் வண்டி மலிவாக வரும், அதில் பொய் இல்லை. இங்கே 45 லட்சத்துக்கு மேல் போகும் டொயோட்டா கேம்ரி, இரண்டு வருடம் ஓடியது, அவனுக்கு 12 லட்சத்துக்குக் கிடைத்தது. 2023-ல் ஊர் திரும்பும்போது வாங்கினான்.

ஏஜென்ட் கொடுத்த கணக்குத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வண்டி விலை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் பைசா வரைக்கும் போட்டிருக்கிறது. வரி என்ற கட்டத்தில் மட்டும் எண் இல்லை. "ஆஸ் அப்ளிகபிள்", அதாவது எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. ஊர் திரும்புகிறவர்களுக்குச் சலுகை உண்டு என்று வாயால் சொன்னாராம். வீட்டுச் சாமான்களுக்குச் சலுகை உண்டுதான், காருக்குக் கிடையாது.

பழைய கார் மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. வாங்கிய ரசீதில் இருக்கும் விலையைச் சுங்கத்துறை அப்படியே ஏற்க வேண்டும் என்று இல்லை. புதுக் கார் விலையில் தேய்மானம் கழித்து அவர்களே மதிப்புப் போடலாம். 18 லட்சம் போட்டார்கள். அதற்கு அன்றைய சுங்கவரி 125 சதவீதம், 22.5 லட்சம். வரியும் சேர்ந்த தொகைக்கு அன்றைய 28 சதவீத ஜிஎஸ்டி, இன்னொரு 11 லட்சத்துக்கு மேல். ஆக 12 லட்சம் வண்டிக்கு ஏறக்குறைய 34 லட்சம் வரி, செஸ் என்ற கூடுதல் வரி தனி. கட்டிவிட்டு பெங்களூரு கொண்டுவந்தாலும் 20 லட்சத்துக்கு மேலான காருக்குக் கர்நாடகா வாழ்நாள் வரி 18 சதவீதம் காத்திருக்கிறது.

உத்யான் எக்ஸ்பிரஸில் அவனோடு நானும் மும்பை போனேன். துறைமுக யார்டில் வண்டி மேல் ஒரே புழுதி. கைக்குட்டையை எடுத்து டிரைவர் பக்கக் கதவை மட்டும் துடைத்தான். அப்புறம் சைடு கண்ணாடியை மடக்கி வைத்தான், யாராவது இடித்துவிடுவார்கள் என்பதுபோல. ஒரு கிலோமீட்டர்கூட அவன் ஓட்டாத வண்டி அது. நாளுக்கு நாள் துறைமுக வாடகை ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் எனக்கு இந்த வண்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். திரும்பி வரும்போது குண்டக்கல் வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

கூகுளில் தேடியிருக்கலாமே என்பீர்கள். தேடினான். தேடினால் முதலில் வருவது உங்கள் வீடியோக்கள்தான். உள்நாட்டுத் தொழிலைக் காக்க வரி வேண்டாமா என்கிறார் ஒரு அண்ணன். வேண்டும் அண்ணா, நான் வரியே கூடாது என்று எங்கே சொன்னேன்? அதை முதலிலேயே சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். இங்கேயே ஒரு சின்ன வண்டி வாங்கியிருக்கலாமே என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அவரவர் ஆசை அவரவருக்கு.

நடிகர் விஜய் இங்கிலாந்தில் இருந்து கொண்டுவந்த காருக்கு நுழைவு வரி கேட்டார்கள் என்று 2012-ல் போட்ட வழக்கில் 2021-ல்தான் தீர்ப்பு வந்தது. அத்தனை வசதி இருப்பவருக்கே ஒரு வரிக்கு ஒன்பது வருடம் கோர்ட். என் மச்சானுக்கு யார் இருந்தார்கள்? ஏஜென்ட் போனை எடுப்பதை நிறுத்தி அப்போதே பல மாதம் ஆகியிருந்தது.

அவன் பேராசைக்காரன் இல்லை. அப்பாவைச் சொந்தக் காரில் திருவண்ணாமலை கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆறு வருடம் சீட்டுக் கட்டியவன். அந்தப் பழமொழியை எழுதியவருக்கு இது தெரியாது. லைக் போட்ட உங்களில் இரண்டு பேருக்குத் தெரியும். அல்சூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இதே கதையைக் கேட்டுவிட்டுத்தான் போனீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தத் தாளைப் படம் எடுத்து முதல் கமென்டில் போட்டிருக்கிறேன், பெயர்களை மறைத்துவிட்டு. வெளிநாட்டில் கார் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் அந்த வரிக் கட்டத்தைப் பாருங்கள்.

மச்சான், நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிடு. இரண்டு வாரமாக உன் அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.