துப்பாக்கிக் கடைக்காரர் மீது வழக்கே போட முடியாதா?

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் ஒரு செய்தி பரவுகிறது: “2005ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு துப்பாக்கி விற்றவர் மீது யாரும் வழக்குத் தொடர முடியாது.” இது பாதி உண்மைதான். முறைப்படி விற்ற துப்பாக்கியை வேறொருவர் குற்றத்துக்குப் பயன்படுத்தினால், அதற்காக மட்டும் கடைக்காரரிடம் இழப்பீடு கேட்பதை அந்தக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் விதிவிலக்குகளும் எழுதப்பட்டுள்ளன. ஆபத்தானவர் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ ஒருவரிடம் ஆயுதத்தைக் கொடுப்பது அவற்றில் ஒன்று. விற்பனைச் சட்டத்தைத் தெரிந்தே மீறி, அதனால் தீங்கு நேர்வது இன்னொன்று.

மிசௌரி மாநிலத்தில் 2012இல் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. மனநோயால் அவதிப்பட்ட தன் மகளுக்குத் துப்பாக்கி விற்க வேண்டாம் என்று ஒரு தாய் கடைக்குத் தொலைபேசியில் மன்றாடினார். இரண்டு நாளில் கடை விற்றது. அன்றே அந்த மகள் தன் தந்தையைச் சுட்டுக் கொன்றார். வழக்குத் தொடரலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. கடை 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், பினாமி மூலம் வாங்கிய துப்பாக்கியால் இரண்டு காவலர்கள் சுடப்பட்டார்கள். 2015இல் நடுவர் குழு விற்ற கடையையே பொறுப்பாக்கியது. எல்லா வழக்கும் இப்படி வெல்வதில்லை, தோற்றவையும் உண்டு. ஆனால் நீதிமன்றக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது என்பது பொய்.