உண்மையைச் சொன்னவனுக்குத்தான் கூடக் காசு

"உதை ஏன் தம்பி சொன்னனீர்?"

இன்சூரன்ஸ்காரர் முகத்துக்கு நேரே கேட்டார். மோட்டார் சைக்கிளுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போடப் போன இடத்தில், பின்னேரங்களில் சாப்பாட்டு டெலிவரிக்கும் ஓடுகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி. களவெடுத்துப் பிடிபட்டவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை வேறு. வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் எனக்கு ஆறவில்லை.

படிவத்தை அவர்தான் நிரப்பினார். பெயர், அடையாள அட்டை இலக்கம், எஞ்சின் இலக்கம், செஸி இலக்கம் எல்லாம் மளமளவென்று எழுதினார். வாகனத்தின் பாவனை என்ன என்ற இடம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனிப்பட்ட பாவனை என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"அண்ணை, நான் டெலிவரியும் ஓடுறனான்."

பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேசைப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

"நான் கேட்கேல்லையே. கேட்டால்தானே சொல்லவேணும்?"

"பிறகு ஏதும் நடந்தால்?"

"நடக்கேக்க பாப்பம். இப்ப உதைப் போட்டால் கட்டுக்காசு கூடும். கொழும்புக்கு அனுப்பிக் கேட்கவேணும், அவங்கள் ஏற்பாங்களோ தெரியாது. உமக்கேன் உந்தக் கரைச்சல்?"

நான் மாறவில்லை. உண்மையைப் போடுங்கோ என்றேன். பேனாவை மூடி வைத்தார். தேத்தண்ணீர் வந்தது, ஆறுதலாகக் குடித்தார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், அவர்களுக்கும் அவசரம். குடித்து முடித்துவிட்டு, புதிதாக ஏதோ கண்டுபிடித்த முகத்தோடு முன்னுக்கு வந்தார்.

"அப்பாட்ட மோட்டார் சைக்கிள் இருக்கோ? அப்ப எல்லாத்தையும் அவற்ற பேரில செய்வம். விபத்தில்லாமல் ஓடினதுக்கு அவருக்கு நோ கிளைம் போனஸ் இருக்கும், கட்டுக்காசு குறையும்."

"ஓடுறது நான்தானே அண்ணை."

"ஆர் ஓடினால் என்ன? கடதாசியில ஆற்றை பேர் எண்டதுதான் கதை."

அதுவும் வேண்டாம் என்றேன். உடனே அடுத்தது வந்தது. "அப்ப பெறுமதியைக் குறைச்சுப் போடுவமே? பாதி போட்டால் கட்டுக்காசும் இறங்கும்." ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் மூன்று பொய். மூன்றும் இன்சூரன்ஸ் விற்கிற மனிதரின் வாயிலிருந்து வந்தவை. நான் கேட்டு ஒன்றும் வரவில்லை. கடைசியில் உண்மையான பாவனைக்கும் உண்மையான பெறுமதிக்கும் ஒரு தொகை எழுதிக் காட்டினார். என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஒரே தடவையில் கட்டவேண்டுமாம். "பாத்தீரோ, நான் அப்பவே சொன்னனான்" என்றார், நான் ஏதோ பந்தயத்தில் தோற்றுப்போன மாதிரி.

இந்தப் பொய்கள் யாரைக் காப்பாற்றும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தனிப்பட்ட பாவனை என்று போட்ட இன்சூரன்ஸ், வாடகைக்கோ கூலிக்கோ ஓடும்போது நடந்த விபத்துக்குச் செல்லாது. பொலிசியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பெறுமதியைக் குறைத்துப் போட்டால் நட்டஈடும் அதே அளவுக்குக் குறையும். ஆறு இலட்சம் பெறுமதியான மோட்டார் சைக்கிளை மூன்று இலட்சம் என்று போட்டால், திருத்தச் செலவிலும் பாதிதான் கணக்கு. கட்டுக்காசு வாங்கும் நாளில் இந்தப் பொய்யெல்லாம் அவர்களுக்கு இனிக்கும். காசு கொடுக்கவேண்டிய நாள் வந்ததும் அதே பொய்யைத் தூக்கிக் காட்டி, நீதான் மறைத்தாய், கையெழுத்து உன்னுடையது என்பார்கள். சொல்லிக் கொடுத்தவரின் பெயர் அந்தப் படிவத்தில் எங்குமே இருக்காது.

இது என் கற்பனை இல்லை. என் கூட்டாளி ஒருவன் கோண்டாவிலில் குறுக்கே வந்த மாட்டுக்கு பிறேக் அடித்து விழுந்தான். முன் போர்க் வளைந்து, டாங்கி நசுங்கிப் போனது. முழங்கை எலும்பு வெடித்த நிலையிலும், சொல்லித் தந்தபடியே அந்த இடத்திலிருந்து இன்சூரன்ஸ்காரருக்கு போன் எடுத்தான். பார்க்க வந்தவர் முதலில் படம் எடுத்தது நசுங்கிய டாங்கியை இல்லை, பின்னால் கட்டியிருந்த டெலிவரிப் பெட்டியை. அதற்குள் மூன்று கொத்துரொட்டிப் பார்சல், சூடு ஆறாமல் இருந்தது. பிறகு கடிதம் வந்தது, தனிப்பட்ட பாவனைக்கு மாறாக ஓடியதால் நட்டஈடு இல்லை என்று. டெலிவரி என்று சொல்லாதே என்று அவனுக்கும் ஒருவர் புத்தி சொல்லித்தான் இருந்தார். அவருக்கு போன் எடுத்தால், அது கம்பனி எடுத்த முடிவு, நான் என்ன செய்ய என்றாராம். தவணைக்கு எடுத்த மோட்டார் சைக்கிள் கராஜில் கிடக்க, லீசிங் காசு மட்டும் மாதாமாதம் போனது.

எங்கள் வயதுக்காரர்கள் ஃபுல் இன்சூரன்ஸ் ஆசைப்பட்டுப் போடவில்லை. லீசிங்கில் எடுத்தால் அது கட்டாயம், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளைக் கையில் தரவே மாட்டார்கள். வாகனம் முற்றாக அழிந்தால் வருகிற காசும் முதலில் லீசிங் கம்பனிக்குத்தான் போகும். லீசிங் இல்லாதவன் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் போடுகிறான். அது இல்லாமல் வருடாந்த வாகன வரிப் பத்திரம் எடுக்க முடியாது, றோட்டில் பொலிசுக்கும் காட்டவேண்டும். அடிபட்ட மற்றவனுக்கு அது உதவும், நல்லதுதான். தன் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சதமும் வராது.

விலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பத்து வருடம் ஓடின பல்சர், முன்பு புதிதாக விற்ற விலையைத் தாண்டிப் போனது. பெறுமதி ஏறினால் கட்டுக்காசும் ஏறும். அதற்கு மேல் வற் வரி. 2022 நடுப்பகுதி வரை 8 சதவீதமாக இருந்தது, 2024 ஜனவரியிலிருந்து 18. கலகம், வேலைநிறுத்தம், பயங்கரவாதத்தால் வரும் சேதத்துக்கு என்று தனியாக ஒரு தொகை வேறு. நோ கிளைம் போனஸ் என்பது வருடக்கணக்காக விபத்தில்லாமல் ஓடியவனுக்குக் கிடைப்பது, இப்போதுதான் தொடங்குகிற எனக்கு அது பூச்சியம். ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிற வயதில்தான் ஆகக் கூடக் கட்டவேண்டியிருக்கிறது.

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் நின்று பாருங்கள். பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் பலாலி வீதியால் வந்துகொண்டே இருக்கும். கம்பஸ் படிக்கிற பெடியன், பகலில் கடையில் நிற்கிற பெடியன், என்னைப் போல ஒபிஸ் விட்டு வருகிறவன். இவர்களில் எத்தனை பேருடைய படிவத்தில் டெலிவரி என்று இருக்கும்? அவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் கட்ட முடியாத தொகை, மறைத்தால் செல்லாத கடதாசி. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்களைத் தள்ளிவிட்டது யார்? பகுதிநேரமாக ஓடுகிறவனுக்கு என்று ஒரு வகை வைத்து, மாதாமாதம் கட்ட விடுங்கள். நாளுக்கு மூன்று மணித்தியாலம் ஓடுகிறவனையும் விடிய விடிய ஓடுகிறவனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். படிவத்தை நிரப்புகிறவர் அந்தக் கேள்வியை வாய் திறந்து கேட்கட்டும், அதுதானே அவருடைய வேலை.

நான் உண்மையான தொகையைத்தான் கட்டினேன். அம்மாவின் சீட்டுக்காசில் கொஞ்சம் வாங்கித்தான் கட்டினேன். திரும்பப் போனாலும் அதையேதான் எழுதச் சொல்வேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போனில் குறுஞ்செய்தி வந்தது, அந்தக் கம்பனியிடமிருந்துதான். முழுக்கச் சிங்களம். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வவுனியாவில் இருக்கிற கூட்டாளிக்கு அனுப்பி வாசிப்பித்தேன். பொலிசியில் பிழை இருந்தால் உடனே அறிவிக்கவும், பிறகு மாற்ற முடியாது என்று இருக்கிறதாம். பொலிசி முழுக்க ஆங்கிலம், எறும்பு அளவு எழுத்து. 1987 இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று அரசியல் யாப்பிலேயே எழுதியாயிற்று. யாழ்ப்பாணத்தில் கந்தோர் திறந்து, தமிழில் பேசித் தமிழனிடம் காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு, தமிழில் நாலு வரி அனுப்ப என்ன கேடு?